முந்திக்கொண்டு வரும் குரல்

“காசு கொடுத்து வாங்கின பாட்டுதானே பெரியப்பா?”

“ஆமா, வாங்கினதுதான்.”

“அப்ப பூட்டை எடுத்தா என்ன தப்பு?”

“டிக்கெட்டுக்கும்தான் காசு கொடுக்கறோம். அதுக்காக ரயில் நம்மளுதாயிடுமா?”

“ரயில் விட்ட கம்பெனியையே இழுத்து மூடிட்டாங்க. பாதி வழியில நிக்கிற ரயில்லருந்து இறங்கறதுக்குக்கூட டிக்கெட் கேட்பீங்களா?”

பெரியப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார். பதில் கிடைக்காத நேரத்தில் அவர் கை தானாகச் செய்கிற வேலை அது.

“உன்னைப் போய் ஊமைக்கோட்டான்னு கூப்பிட்டேன் பாரு, என்னைச் சொல்லணும்,” என்றார். கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “சரி, இறங்கிடலாம்.”

அந்த ‘சரி’யை அவரிடமிருந்து வாங்குவது லேசான காரியமில்லை என்பது அந்த வீட்டில் தங்கிப் படித்த தம்பி மகளான அவளுக்குத் தெரியும். ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். சொந்த மச்சானுக்கே அபராதம் போட்டவர். மச்சான் ஒரு வருஷம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். “அவன் முகத்துல டிக்கெட் ஒட்டியிருக்கலியே,” என்பதற்கு மேல் பெரியப்பா வாயே திறக்கவில்லை.

பெரியம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவருக்கு எல்லாவற்றிலும் அவசரம். ரயில் வருவதற்கு வெகு நேரம் முன்னாலேயே போய் பிளாட்பாரத்தில் நிற்பார். பந்தியில் இலை விழுமுன் உட்காருவார். கேமராவைக் கண்டால் மட்டும் ஓட்டமெடுப்பார். ஆஸ்பத்திரி நர்ஸுகள் சேர்ந்து ஒரு பாட்டுக் குழு வைத்திருந்தார்கள். அவர்கள் பாடிய பாட்டுகளை இணையத்தில் பாட்டு விற்கிற ஒரு கடை வெளியிட்டது. பெரியப்பா தன் வாழ்நாளில் விலை கொடுத்து வாங்கிய ஒரே பாட்டு அதில் ஒன்றுதான்.

அதன் இரண்டாவது அடி தொடங்கும் இடத்தில், மற்றவர்கள் மூச்சு இழுத்து முடிப்பதற்குள் ஒரே ஒரு குரல் முந்திக்கொண்டு வந்துவிடும். பெரியம்மா. வேறு யாருக்கும் காதில் விழாது. வீட்டில் எல்லோருக்கும் விழும். பெரியம்மா போன பிறகு அவர் குரல் மிஞ்சியிருந்தது அந்த ஓர் இடத்தில்தான்.

அந்தக் கடைதான் மூடப் போகிறோம் என்று அறிவித்தது. பாட்டுகள் எல்லாம் பூட்டோடு விற்கப்பட்டவை; கடை அனுமதி கொடுத்த கம்ப்யூட்டரில் மட்டும் பாடும். வேறு கம்ப்யூட்டருக்கு மாற்ற நினைப்பவர்கள் மாத முடிவுக்குள் மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். பழைய கம்ப்யூட்டர் இருமத் தொடங்கியிருந்ததால் பெரியப்பாவும் புதிது வாங்கி வைத்திருந்தார். புதியதற்கு அனுமதி வாங்கியிருந்தால் போதும். நான்கைந்து கம்ப்யூட்டர்களில் வைத்துக்கொள்ளக் கடையே சம்மதித்திருந்தது. ஆனால் ஒரு பயணிக்கு இரண்டு டிக்கெட் எதற்கு என்று அவர் முதலில் பழையதன் அனுமதியை ஒப்படைத்துவிட்டார். காப்பி போட்டுக் குடித்துவிட்டு வந்து புதியதற்குக் கேட்டார். ‘சேவை நிறுத்தப்பட்டது’ என்று பதில் வந்தது. அன்றுதான் மாதக் கடைசி நாள்.

இரண்டிலும் பாட்டு இருந்தது. இரண்டும் பாட மறுத்தன.

பூட்டை எடுக்கிற மென்பொருளோடு அவள் வந்து உட்கார்ந்ததும், பெரியப்பாவிடம் அந்தச் ‘சரி’யை வாங்கியதும் அதற்கப்புறம்தான். ஆனால் அந்த மென்பொருளும் கையை விரித்தது. கம்ப்யூட்டரால் பாட முடிகிற பாட்டின் பூட்டைத்தான் அது எடுக்கும். பாட்டு ஓட ஓடப் பக்கத்திலேயே பூட்டில்லாத பிரதி ஒன்றை எழுதிக்கொள்ளும். இங்கே ஓடுவதற்கே வழியில்லை.

பெரியப்பா எழுந்து போய், மூடியிருந்த ஜன்னலை மறுபடி மூடினார்.

அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. சொல்வதா வேண்டாமா என்று கொஞ்சம் யோசித்தாள்.

“பெரியப்பா, நான் இங்க தங்கிப் படிச்சேன்ல, அப்ப ஒரு லேப்டாப் வச்சிருந்தேனே.”

“பரண்ல கிடக்கு. அதுக்கென்ன?”

“அதுலயும் அந்தப் பாட்டு இருக்கு. பெரியம்மாதான் அதுக்கும் அனுமதி வாங்கிப் போட்டுக் கொடுத்தாங்க.”

“கடை பாஸ்வேர்டு?”

“உங்களோடதுதான். அவங்களுக்குத் தெரியும். உங்ககிட்ட மூச்சு விடக் கூடாதுன்னாங்க.”

“அடிப்பாவி!” என்றார் பெரியப்பா. அவளையா, செத்துப்போன மனைவியையா என்று தெரியவில்லை. “என் வீட்டுக்குள்ளயே இத்தனை வருஷமா டிக்கெட் இல்லாம போயிருக்கீங்க!”

சொல்லிக்கொண்டே ஏணியை எடுக்கப் போய்விட்டார்.

லேப்டாப்பின் மூடி ஒரு பக்கம் கழன்றிருந்தது. பேட்டரி செத்திருந்தது. சார்ஜர் முனையைச் சற்றுச் சாய்த்து அழுத்திப் பிடித்தால்தான் உயிர் வந்தது. இணையம் பட்டால் அது இல்லாத கடையிடம் போய் அனுமதி கேட்டு நின்றுவிடும் என்ற பயத்தில், அவள் வீட்டு வைஃபையையே அணைத்தாள். மென்பொருளைப் பென் டிரைவில் போட்டு ஏற்றினாள்.

“நீங்க முனையைப் பிடிங்க. பாட்டு முடியற வரைக்கும் அசையக் கூடாது.”

“ஓடற ரயில்ல நின்னே வேலை பார்த்தவன்கிட்ட சொல்ற.”

பாட்டு ஓடத் தொடங்கியது. ஹார்மோனியம், பிறகு மொத்தமாகப் பெண் குரல்கள். முதல் அடி முடிந்தது. பெரியப்பாவின் கட்டைவிரல் நகம் வெளுத்திருந்தது. குரல்கள் அடங்கி மூச்சு இழுக்கிற அந்தச் சின்ன இடைவெளிக்குள், ஒருத்தி மட்டும் முந்திக்கொண்டு வந்தாள்.

“வந்துட்டா பாரு,” என்றார் பெரியப்பா. முனை லேசாக விலகியது. திரை ஒரு கணம் மங்கியது. அவள் தன் கையை அவர் கைமேல் வைத்து அழுத்திக்கொண்டாள். பாட்டு முடிகிற வரை இரண்டு பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

பூட்டில்லாத பிரதியைப் புதிய கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தாள். கேட்காமல் கொள்ளாமல் பாடியது. பெரியப்பா அதை நான்கு முறை போடச் சொன்னார். ஒவ்வொரு முறையும் அந்த இடம் வரும்போது தலையை மட்டும் லேசாக முன்னால் நீட்டினார்.

இப்போது பெரியப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தப் பாட்டைக் கேட்கும்போதெல்லாம் அவளுக்கு நினைவுக்கு வருவது அன்று வாசலில் நடந்ததுதான். அவள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். பென் டிரைவைத் துடைத்துக் காலியாக்கிவிட்டேன், பூட்டில்லாத பிரதி உங்கள் வீட்டைத் தாண்டாது என்று அவராகக் கேட்பதற்கு முன்பே சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

“திரும்ப உள்ள வா. அதுல ஒண்ணு எடுத்து நீயும் வச்சுக்கோ,” என்றார். “கண்ணாடி போடாம எனக்கு ஒண்ணும் தெரியாது. சீக்கிரம்.”