பாலில் போட்டுக் கொண்டுபோன பல்

ஏலத்தோட்ட வேலைக்குப் போகும்போது, போடிமெட்டு அருகே எங்கள் ஜீப்பு திடீரென்று பிரேக் போட்டது. கம்பியில் மோதி என் முன்பல் வேரோடு விழுந்துவிட்டது. வாயில் துணியை அழுத்திக்கொண்டு, போடியில் எனக்குத் தெரிந்த பல் டாக்டருக்குப் போன் செய்தேன்.

"வேரைத் தொடாதீங்கம்மா, தேய்க்காதீங்க. பால்ல போட்டு வெரசா கொண்டாங்க" என்றார்.

டீக்கடையில் காய்ச்சாத பால் வாங்கி, பல்லை அதில் போட்டேன். எங்களை வேலைக்குக் கூட்டிப்போகும் கங்காணி வந்து மறித்தார்.

"ஒத்தப் பல்லுக்கு யாராவது சோலியை விடுவாங்களா ஆத்தா? சாயங்காலம் போ."

"சாயங்காலம் போனா பல்லு ஒட்டாதுண்ணே. நான் இப்பவே போறேன்" என்று சொல்லிவிட்டு, மலையிறங்கிய லோடு வண்டியில் ஏறிவிட்டேன்.

டாக்டர் பல்லை அதே குழியில் வைத்துக் கட்டினார். அது பிடித்துக்கொண்டது.

இப்போதெல்லாம் ஜீப்பில் யாருக்கு அடிபட்டாலும் நான் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. நேராக டிரைவரிடம், வண்டியைப் போடிக்குத் திருப்பச் சொல்லிவிடுகிறேன்.

– ஒரு வாசகி, சிலமலை