இழைப்பு மெஷினுக்கு வார்த்த ஈயச்சொம்பு

எனக்கு எண்பத்தொரு வயது. பெற்றது நான்கு, வளர்த்தது ஆறு. மீதி இரண்டும் என் நாத்தனார் விட்டுப்போன பிள்ளைகள். ஆறு பேருக்கும் ஒரே உலையில் வடித்துப் போட்டு ஆளாக்கினேன். ஒரு பிள்ளையையும் இன்னொரு வீட்டு வாசலில் போய் நிற்க விட்டதில்லை. இதைப் பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். கோடு போட்ட நோட்டில் எழுதினாலும் எழுத்து கோணிக்கொண்டுதான் போகிறது. ஆனாலும் இதை நானே எழுத வேண்டும். போன மாதம் என் பெரிய மகன் பட்டறையைக் காலி பண்ணிவிட்டுக் கார் நிறுத்த இடம் கட்டப்போகிறேன் என்று கிரேன் கொண்டுவந்தான். அவன் அப்பாவின் இழைப்பு மெஷினைத் தூக்கிக் கொல்லையில் வைத்தார்கள். கிரேன்காரர் கேட்காமலே இவன் சொன்னான்: “இதுலதாங்க எங்கப்பா மூணு விரல விட்டாரு. அவசரக்காரரு. கொஞ்சம் பொறுத்திருந்தா போயிருக்காது.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். கெட்ட எண்ணம் கிடையாது, அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். என் வீட்டுக்காரர் போய்ப் பதினோரு வருடம் ஆகிறது. அவர் அவசரக்காரர் இல்லை. அவசரம் என்னுடையது.

எங்கள் ஊர் கீழ்வேளூருக்குப் பக்கம். அவர் தச்சு வேலைக்காரர். வண்டி, கதவு, நிலை, நெல் கொட்டும் பத்தாயம் எல்லாம் செய்வார். நாகப்பட்டினத்தில் மூடிப்போன ஒரு மர டிப்போவிலிருந்து பழைய இழைப்பு மெஷின் ஒன்றை வாங்கி வந்திருந்தார். பார்க்க ஓர் இரும்பு மேஜை மாதிரி இருக்கும். மேஜைக்கு நடுவில் ஒரு தண்டு, தண்டில் மூன்று கத்தி. ஆயில் இன்ஜினோடு பெல்ட் போட்டு ஓட்டினால் தண்டு சுற்றும், பலகையைத் தள்ளினால் சுருள் சுருளாக இழைத்துப் போடும். நாலு மாட்டின் கனம் அதற்கு. அதை எங்கள் வீட்டில் வைக்கவில்லை. மிராசுதாரின் களத்து ஓரத்தில் ஒரு கொட்டகை இருந்தது, அங்கே இருந்தது. அவர்கள் வீட்டு வேலைதான் அதிகம் என்பதால் அவர்களே இடம் கொடுத்திருந்தார்கள்.

அது அறுப்புக் கூலிச் சண்டை நடந்த காலம். கூலி நெல்லைக் கூட்டிக் கொடுத்தால்தான் அறுப்போம் என்று ஆட்கள் நின்றுவிட்டார்கள். வயலில் கதிர் தலை சாய்ந்து கிடந்தது. ஊரில் பாதிப் பேர் கறுப்பு சிவப்புக் கரை வேட்டி, மீதிப் பேர் கையில் சிவப்புக் கொடி. அந்த ஆட்கள் கொடிக்கம்பத்துக்கு ஒரு மரம் கொண்டுவந்தார்கள். இவர் இழைத்துக் கொடுத்துவிட்டார். மரம் யார் கொண்டுவந்தாலும் மரம்தானே என்பது அவர் நினைப்பு.

மறுநாளே மிராசுதாரின் ஏஜெண்டு கொட்டகைக்கு வந்தார்.

“கொடிக்கம்பம் இழைக்கிற மெஷினுக்கு எங்க களத்துல இடம் இல்ல ஆசாரி. நாளைக்குள்ள எடுத்துட்டுப் போயிடு.”

“அது என்னங்க முறமா, இடுப்புல வச்சுக்கிட்டுப் போக?”

“இழைக்கும்போது அது தெரியலையா?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

மெஷின் போனால் போகட்டும். பயம் வேறு. நாங்கள் குடியிருந்த மனையும் மிராசுதார் பேரில் இருந்ததுதான். குடியிருக்கிறவனுக்கே மனை சொந்தம் என்று அரசாங்கம் அப்போதுதான் சட்டம் போட்டிருந்தது. நாங்களும் மனு எழுதிக் கொடுத்திருந்தோம். ஏஜெண்டு பதிலுக்கு ஒரு மனு போட்டிருந்தார்: அது வெறும் குடிசை, ஆசாரி வேறு ஊரில் குடியிருக்கிறார், இங்கே ஒரு தொழிலும் நடக்கவில்லை என்று. நேரில் பார்க்க வருவாய் ஆய்வாளர் புதன்கிழமை காலையில் வருவதாகத் தலையாரி வந்து சொன்னார். எங்கள் வீட்டில் அப்போது ஐந்து பிள்ளைகள். ஆறாவது இன்னும் பிறக்கவில்லை. புதன்கிழமை அந்த அதிகாரி வெறும் குடிசை என்று எழுதிவிட்டுப் போனால் ஐந்தையும் கூட்டிக்கொண்டு எங்கே போவது?

“மெஷின நம்ம வீட்டுக் கொட்டாய்ல வச்சு ஓட்டிக் காட்டிட்டா அவரு எழுத வேண்டியதத்தான எழுதணும்?” என்றேன்.

“அதத்தான் நானும் நினைச்சேன்,” என்றார்.

திங்கட்கிழமை காலையில் நகர்த்தினார்கள். கம்பம் கொண்டுவந்த ஆட்களே பன்னிரண்டு பேர் வந்தார்கள். கடப்பாரையால் நெம்பி, அடியில் பனந்துண்டுகளைக் கொடுத்து, வடக்கயிறு கட்டி இழுத்தார்கள். நான் திருவிடைமருதூரில் பிறந்தவள். அங்கே தேர் ஓடும்போது சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போட்டுத் திருப்புகிற வேலை எங்கள் ஆட்களுடையது. கல்யாணமான புதிதில் இவரும் இரண்டு வருடம் அங்கே கட்டை போட்டிருக்கிறார். அதே மாதிரி மெஷினின் பக்கத்திலேயே குனிந்து நடந்து, பனந்துண்டுக்குக் கட்டை போட்டுப் போட்டு வாய்க்கால் கரையோடு திருப்பிக்கொண்டு வந்தார். ஒருவர், “ஆசாரி, தேர்ல சாமி இல்லையே,” என்றார். “இருக்கு, தண்டுல உக்காந்திருக்கு,” என்றார் இவர். எல்லோரும் சிரித்தார்கள்.

வழியில் நான் அவர்களுக்குத் தண்ணீர் கொண்டுபோனேன். என் ஈயச்சொம்பில்தான் கொண்டுபோனேன். ஆனால் சொம்பை அவர்கள் கையில் கொடுக்கவில்லை. உயரத் தூக்கி, அவர்கள் குவித்த கையில் ஊற்றினேன். எங்கள் வீட்டு மெஷினை இழுத்தவர்கள். அன்றைக்கு எனக்கு அதில் ஒன்றும் தோன்றவில்லை. இப்போது எழுதும்போது தோன்றுகிறது.

மதகு ஏறி இறங்கும் இடத்தில் ஒரு பனந்துண்டு பிளந்தது. மெஷினின் ஒரு பக்கம் செங்கல் கட்டின்மேல் சொத்தென்று உட்கார்ந்தது. யாருக்கும் அடி இல்லை. வீடு கொண்டுவந்து சேர்த்த பிறகுதான் இவர் தண்டைக் கையால் சுற்றிப் பார்த்தார். ஒரு முனை கடகடவென்று ஆடியது. தண்டின் முனை உட்கார்ந்து சுற்றும் கிண்ணத்தில் வெள்ளை ஈயம் வார்த்திருக்கும். அது வெடித்துத் துண்டு துண்டாகக் கையில் வந்தது.

அதற்கான ஈயக்கட்டி தஞ்சாவூரில்தான் கிடைக்கும். பஸ் மறியல் நடந்துகொண்டிருந்தது. சைக்கிளில் போய் வர முடியாது. கிடைத்தாலும் புதன்கிழமைக்குள் வந்து சேராது.

செவ்வாய்க்கிழமை பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு, என் ஈயச்சொம்பைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன். அது என் அம்மா கும்பகோணத்தில் வாங்கிச் சீராகக் கொடுத்தது. எங்கள் தெருவில் அந்தக் கனத்தில் யார் வீட்டிலும் சொம்பு கிடையாது. ரசத்துக்கென்றே கடன் கேட்டு வருவார்கள், நான் கொடுக்க மாட்டேன்.

“இதுவும் ஈயந்தானே. உருக்கி ஊத்துங்க.”

அவர் எடுத்து நகத்தால் அடியில் கீறிக் காட்டினார். “பாரு, கோடு விழுது. மெஷின்ல இருந்தது செம்பெல்லாம் கலந்த ஈயம், கெட்டி. இது வெறும் ஈயம். சூடேறினா குழைஞ்சிடும்.”

“எங்கம்மா வீட்டுச் சாமான்னா உங்களுக்கு எப்பவுமே மட்டந்தான்.”

“உங்கம்மா சொம்புல ரசம் வைக்கலாம். மெஷின் ஓட்ட முடியாதுடி.”

“ரசத்த ஊத்தி ஊத்திக் குடிக்கும்போது மட்டும் மட்டமாத் தெரியலையாக்கும்?”

சிரித்தார். சொம்பைத் திரும்ப என் பக்கம் நகர்த்தி வைத்தார். “வேணாம். அவருகிட்ட ரிப்பேருன்னு சொல்லிப் பாப்போம்,” என்றார்.

நான்தான் விடவில்லை. ரிப்பேர் என்று சொன்னால் ஏஜெண்டு சிரிப்பார். அந்த ஆள் என் வாசலில் நின்று சிரிப்பதை நான் பார்க்க வேண்டுமா என்று கேட்டேன். என் அம்மா வீட்டுச் சீர் இந்த மனையைக் காப்பாற்றியது என்று நாலு பேர் சொல்ல வேண்டும் என்றும் மனதில் இருந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை.

“சரி. ஒரே ஒரு பலகை. மெல்லிசா ஒரு பலகை இழைச்சுக் காட்டிட்டு நிறுத்திடுவேன்,” என்றார்.

டெல்டாவில் ஈயச்சொம்பு வைத்திருக்கிற எந்தப் பெண்ணுக்கும் ஒரு பயம் உண்டு. தண்ணீர் இல்லாமல் அடுப்பில் வைத்தால் போச்சு. வெறும் சொம்பை நானே வேண்டுமென்றே நெருப்பில் வைத்தேன். முதலில் ஒரு பக்கம் சாய்ந்தது. அப்புறம் அப்படியே உட்கார்ந்துவிட்டது. அவர் தண்டுக்கு விளக்குப் புகை பிடித்தார், ஈயம் தண்டில் ஒட்டாமலிருக்க. இரண்டு பக்கமும் வாய்க்கால் களிமண்ணை அப்பி, இரும்புக் கரண்டியால் மொண்டு வார்த்தார். ஆறியதும் உளியால் சுரண்டிச் சுரண்டி, தண்டு உட்காரும்படி செய்தார். சாயங்காலம் கையால் சுற்றினால் ஆடாமல் சுற்றியது. எனக்கு ஒரே பெருமை.

புதன்கிழமை பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன கொஞ்ச நேரத்தில் அதிகாரி வந்தார். கூடவே கர்ணமும் ஏஜெண்டும். கொட்டகையைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார், கொடியில் காய்ந்த பிள்ளைகள் துணியைப் பார்த்தார். ஏஜெண்டு மெஷினைத் தட்டிவிட்டு, “இது ஓடுமா, இல்ல பொட்டு வச்சுக் கும்புடவா?” என்றார்.

“ஓட்டிக் காட்டுங்க,” என்றார் அதிகாரி. மரியாதையான மனிதர்.

இவர் இன்ஜினைச் சுற்றிவிட்டார். பெல்ட் ஓடியது. மெல்லிய பூவரசம் பலகை ஒன்றைத் தள்ளினார். சுருள் அழகாக விழுந்தது. அதிகாரி தலையை ஆட்டிவிட்டுக் காகிதத்தில் எழுதத் தொடங்கினார். அதோடு முடிந்திருக்க வேண்டும்.

“சார், இது அப்பளம் மாதிரி பலகை. நிஜமாத் தொழில் நடக்குதுன்னா அந்தத் தடி மரத்த விடச் சொல்லுங்க பாப்போம்,” என்றார் ஏஜெண்டு.

அதிகாரி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. எழுதிக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் சொல்லியிருக்கலாம், போதுங்க என்று. மெஷினிலிருந்து சூட்டு வாடை வருவது எனக்கே தெரிந்தது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். வேண்டாம் என்று நான் தலையசைத்தால் நிறுத்திவிடுவார். அதற்காகத்தான் பார்த்தார்.

நான், தடி மரத்தையே விடுங்க என்று தலையை ஆட்டினேன்.

தடி மரம் பாதி போவதற்குள் தண்டின் சத்தம் மாறியது. ஈயம் குழைந்து தண்டு துள்ளியது. மரம் பின்னால் எகிறியது. மரத்தை அழுத்திக்கொண்டிருந்த கை, சுற்றுகிற கத்திமேல் விழுந்தது. அவர் கத்தவில்லை. “இன்ஜின நிறுத்து,” என்று மட்டும் சொன்னார். நான் ஓடிப்போய் நிறுத்தினேன். அதற்கு அப்புறமும் பெல்ட் கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டிருந்தது.

வலது கையில் மூன்று விரல். திங்கட்கிழமை மெஷினை இழுத்த ஆட்கள்தான் ஓடி வந்து, என் புடவையைக் கிழித்துக் கையைக் கட்டி, மாட்டு வண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வண்டியில் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு வந்தவர், நான் உயரத்திலிருந்து தண்ணீர் ஊற்றிய ஆட்களில் ஒருவர்தான்.

அதிகாரி எங்கள் பக்கம்தான் எழுதியிருந்தார். மனை எங்களுக்கு வந்தது. பட்டா அவர் பேரில் வந்த அன்று, அதைக் கட்டுப் போட்ட கையால் வாங்கமுடியாமல் இடது கையால் வாங்கினார். அதிகாரிகள் முன்னால் இடது கையால் வாங்கியதற்கு மன்னிப்பும் கேட்டார்.

பஸ் ஓடிய பிறகு தஞ்சாவூரிலிருந்து சரியான ஈயம் வந்தது. இடது கையால் பழையதை வெட்டி எடுத்துவிட்டு, தானே வார்த்தார். நான் கரண்டியைப் பிடித்தேன். அந்த மெஷினிலேயே முப்பது வருடம் போல வேலை செய்து ஆறு பிள்ளைகளையும் படிக்க வைத்தார். வெட்டி எடுத்த ஈயத்தை ஒரு துணியில் சுற்றி என்னிடம் கொடுத்தார். “உங்கம்மா சீரு. பத்திரமா வச்சுக்க,” என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. குத்தலாகச் சொல்லியிருந்தால் எனக்கு இவ்வளவு கனமாக இருந்திருக்காது.

எப்படி நடந்தது என்று யார் கேட்டாலும், “நான்தான் அவசரப்பட்டுட்டேன்,” என்பார். நான் பக்கத்திலேயே நிற்பேன். ஒரு தடவைகூட வாயைத் திறந்ததில்லை. சொம்பு எங்கே என்று என் அம்மா கேட்டபோது, வெறும் சொம்பை மறதியாக அடுப்பில் வைத்துவிட்டேன் என்றேன். என் அம்மா சாகும்வரை அதையே சொல்லித் திட்டினாள். அந்தத் திட்டு எனக்குப் போதவில்லை.

அவர் கடைசியாகப் படுத்திருந்தபோது ஒருநாள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, “பிள்ளைங்ககிட்ட சொல்லிடவா?” என்று கேட்டேன்.

“எதுக்கு? இத்தனை வருசம் நான் சொன்னது பொய்யாப் போயிடும்,” என்றார்.

அதனால்தான் பதினோரு வருடம் சும்மா இருந்தேன். கிரேன்காரரிடம் மகன் சொன்னதைக் கேட்டபிறகு இருக்க முடியவில்லை. அந்த ஈயம் என் டிரங்குப் பெட்டியில், அடியில், துணிச்சுற்றோடு இருக்கிறது. வேண்டுமென்றால் எடுத்துப் பார்க்கட்டும். நகத்தால் கீறினால் இப்போதும் கோடு விழும்.

பேத்தி, நீ பள்ளிக்கூடத்தில் எழுத்துக் கற்றுக்கொடுக்கிறவள். பிழை இருந்தால் பிறகு திருத்திக்கொள். இப்போது உன் அப்பாவைக் கூப்பிட்டு எதிரில் உட்கார வைத்துவிட்டு, முதலிலிருந்து சத்தமாக வாசி. உன் தாத்தா என்னைத் திரும்பிப் பார்த்த இடம் வரும். அங்கே நிறுத்தாதே, அடுத்த வரியையும் வாசி. நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.