கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்ற கன்று

பால்காரம்மாவை அவன் முதன்முதலில் பார்த்தது ஒரு தடுப்புக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு. வெளிநாட்டைச் சுற்றிப் பார்க்க வந்த இடத்தில், மாட்டுப் பண்ணையைப் பார்க்க அக்கா டிக்கெட் எடுத்திருந்தாள். மாட்டை ஓட்டிக் கட்டிவிட்டுக் கல்லூரிக்குப் போனவன் அவன். குடும்பத்தின் முதல் பட்டதாரி. அக்கா புருஷன் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதே இல்லை.

"என்ன பட்டதாரி, மூஞ்சிய இப்படி வச்சிருக்க?"

"இங்க சாணி நாத்தமே இல்ல மாமா. தரைய பாருங்க, சோறு போட்டுச் சாப்பிடலாம். எல்லாம் செட்டப்பு."

"உனக்குச் சாணிதான் வேணும்னா ஊர்லயே இருந்திருக்கலாமே."

பால்காரம்மாவும் தமிழ்நாட்டிலிருந்து பிழைக்க வந்தவர்தான்; ஐம்பது தாண்டியிருக்கும். ரப்பர் பூட்ஸ், முழங்கைக்கு மேல் மடித்துவிட்ட சட்டை. இங்கே வருவதற்கு முன் தையல் மிஷினில்தான் பிழைப்பு, மாட்டைத் தொட்டதே கிடையாது என்று தமிழ்ச் சுற்றுலாக் கூட்டத்திடம் சிரித்துக்கொண்டே சொல்லி, ஒரு வெள்ளைப் பசுவைக் கறந்து காட்டினார். கண் மட்டும் அடிக்கடி மூலைக்குப் போய் வந்தது. அதை அவன் கவனித்துவிட்டான்.

மூலையில் ஒரு செவலைப் பசு. அதன் முன்னால் ஒரு செவலைக் கன்று, முதுகைக் காட்டியபடி அசையாமல். கழுத்தருகே தோல் மடிந்திருந்தது. மடிப்பில் ஒரு தையல்.

அவனுக்குப் பொறி தட்டியது. செத்த கன்றின் தோலுக்குள் வைக்கோலைத் திணித்து நிறுத்தி, பசுவை ஏமாற்றிப் பால் கறப்பதை அவன் ஊரில் பார்த்திருக்கிறான்.

"அக்கா, அது வைக்கோல் கன்னு. நம்ம காதுல பூ சுத்தறாங்க."

சற்று உரக்கவே சொல்லிவிட்டான். பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். இரண்டு செல்போன்கள் மேலே எழுந்தன.

"அந்தக் கன்னுக்குட்டிய தொட்டுப் பாக்கலாமா?" என்று பால்காரம்மாவிடம் கேட்டான்.

"அது மட்டும் வேணாம் தம்பி."

"ஏன், வைக்கோல் கொட்டிடுமா?"

பால்காரம்மாவின் சிரிப்பு நின்றது. கயிற்றருகே வந்து குரலைத் தாழ்த்தினார்.

"உள்ள இருக்கறது உசிரோட இருக்கற கன்னு. தாயில்லாதது, புட்டிப்பால வாயில வைக்க மாட்டேங்குது. இவளோட கன்னு நேத்து செத்துப்போச்சு. அந்தத் தோலத்தான் இதுமேல தச்சுப் போட்டிருக்கேன். காலைல ஒதச்சுத் தள்ளுனவ, இப்பதான் மோந்து பாக்கறா. உங்க கைவாசம் பட்டுச்சுன்னா அதோட போச்சு."

கதை நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டான். நம்பவில்லை. கயிற்றிலிருந்து கையையும் எடுக்கவில்லை.

பசு ஒரு எட்டு முன்னால் வைத்தது. கன்றின் தலை அதன் வயிற்றுக்கு அடியில் மெதுவாகப் போய் மறைந்தது. சற்று நேரம் ஒன்றுமில்லை. பிறகு, உயிரற்றுத் தொங்கிய செவலை வாலுக்குக் கீழே, கறுப்பாக இன்னொரு வால் துள்ளித் துள்ளி ஆடியது.

அவன் திரும்பி நின்று கைகளை அகல விரித்தான். "எல்லாரும் பின்னால போங்க. போட்டோ அப்புறம் எடுக்கலாம்."

"என்ன பட்டதாரி, வேலைக்கே சேந்துட்டியா?" என்றார் மாமா.

கிளம்பும்போதும் ஒரு சந்தேகம் அவனை விடவில்லை. "சாணிய எங்க ஒளிச்சு வைக்கறீங்க?"

"நீங்கல்லாம் வர்றதுக்கு முன்னாடி நான்தான் அள்ளிப் போடறேன். நாளைக்கு வந்து அள்ளறீங்களா?"

பால்காரம்மா இப்போதும் அதே பண்ணையில்தான் இருக்கிறார். கன்றின் மேல் போர்த்திய தோலைப் பிரித்தாயிற்று. கறுப்புக் கன்று செவலையிடமே குடிக்கிறது. தடுப்புக் கயிறு மட்டும் முன்னைவிடச் சற்றுத் தள்ளிக் கட்டப்பட்டிருக்கிறது.