கணக்கில் எடுக்காத ஐந்தாவது ஓட்டை

சுட்டு முடித்த துப்பாக்கி ரவையின் பித்தளைக் கோதின் வாயில் மூக்கை வைத்து இழுத்தால் முதலில் தீக்குச்சி உரசிய மணம் வரும், அதற்குப் பின்னால் குளிர்ந்த இரும்பு மணம், கடைசியில் ஏனோ பழைய தேயிலை மணம். எனக்குப் பதினைந்து வயதான அந்த வசந்தத்தில் என் விரல் நுனி, பள்ளிப் பை, கணிதக் கொப்பி எல்லாவற்றிலும் இந்த மணம்தான்.

ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சனில் எங்கள் வீட்டின் நிலவறையை எல்லோரையும் போல நாங்களும் "கெல்லர்" என்றுதான் சொன்னோம். மற்றவர்களின் கெல்லரில் அரிசி மூட்டையும் பழைய மெத்தையும் இருக்க, எங்களுடையதில் நெம்புகோல் வைத்த இரும்புப் பிரஸ் ஒன்றும், ஒரு சின்னத் தராசும், பூட்டுப் போட்ட பெட்டியும் இருந்தன. அங்கேதான் அப்பா மான் வேட்டைக்கான ரவைகளைத் தன் கையாலேயே செய்தார். கடை ரவை எல்லாத் துவக்குக்கும் பொதுவானது, கையால் செய்வதோ ஒரே ஒரு துவக்குக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தது, ஒரு சரக்குக் களஞ்சியத்தில் அவரோடு வேலை பார்த்த ஹொல்கர் மாமா. நான் மாமா என்று கூப்பிடுவதன் பொருள் அந்த ஜெர்மன்காரருக்குக் கடைசி வரை பிடிபடவில்லை, ஆனால் கூப்பிட்டால் திரும்புவார்.

அப்பா வேட்டைப் பரீட்சையில் இரண்டு தரம் கோட்டைவிட்டு மூன்றாம் தரம் தேறியவர், வெடிமருந்து கையாளவும் தனியாகப் படித்து அனுமதி வாங்கியவர். இவ்வளவு பாடு ஏன் என்றால், அதற்கு வன்னியில் ஒரு காரணம் இருந்தது. இருபது வயதில் "இடியன்" என்ற நாட்டுத் துவக்கில், மருந்தை உள்ளங்கைக் குழியில் மட்டாக அளந்து போட்டு, ஒரு மானைச் சுட்டிருக்கிறார். வெடி பின்னங்காலில் பட்டு, மான் காலை இழுத்துக்கொண்டு பற்றைக்குள் போய்விட்டது. இரண்டு நாள் தேடியும் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு துவக்கைத் தொடாத மனிதர், இந்த நாட்டில் மருந்தின் ஒவ்வொரு மணியையும் நிறுத்துப் போடுகிறார்கள் என்று கண்டபின்தான் மறுபடி ஆசைப்பட்டார். மே மாதம் ஹொல்கர் மாமாவின் காட்டில் ஒரு கிடாய் மான் சுட அவருக்கு அழைப்பும் வந்திருந்தது.

மருந்தைத் தொடும் உரிமை அவருக்கு மட்டும்தான். தராசின் எண்ணை எழுதுவதும், சுட்ட தாளில் ஓட்டைகளின் இடைவெளியை அளப்பதும், எது நல்லது என்று தீர்ப்புச் சொல்வதும் என் பொறுப்பு. வகுப்பில் கணிதத்தில் நான்தான் முதல், அது எனக்கும் தெரியும், தெருவுக்கும் தெரியும். "என்ரை பிள்ளை சொன்னால் சரியாத்தான் இருக்கும்" என்று அப்பா பார்க்காமலே தலையாட்டுவார்.

ஒரு துவக்குக்கு எவ்வளவு மருந்து ஒத்துவரும் என்பதைச் சுட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். கையேடு சொல்லும் எல்லைக்குள் ஐந்து அளவுகள், ஒவ்வோர் அளவிலும் ஐந்து ரவைகள், நூறு மீற்றர் தூரத்தில் தாள். மார்ச் மாதச் சனிக்கிழமை ஒன்றில் சுடுதளத்தில் மூன்றாவது அளவைச் சுட்டபோது நாலு ஓட்டைகள் என் பெருவிரல் நகத்துக்குள் அடங்கின. ஐந்தாவது மட்டும் மூன்று விரல் தள்ளி, வலப்பக்கம். இரண்டாவது அளவின் ஐந்தும் ஒரு தீப்பெட்டிக்குள் விழுந்திருந்தன, ஒழுங்காக, ஆனால் சுவாரசியமில்லாமல். எனக்கோ அந்த நகமளவு வேண்டும். தள்ளி விழுந்த ஓட்டையின் மேல் குறுக்குக்கோடு போட்டு, கொப்பியில் "அப்பாவின் கை" என்று எழுதிவிட்டு, கடைசி வெடிக்கு நீங்கள் உதறிவிட்டீர்கள் என்று அவரிடமும் சொன்னேன். அவர் தன் கையைத் திருப்பிப் பார்த்தார். "ஓம், உதறிப்போட்டன் போல" என்றார்.

அன்றிலிருந்து வேலையால் வந்ததும் வெற்றுத் துவக்கின் குழலில் இரண்டு யூரோ நாணயக் குற்றியை வைத்து, அது விழாமல் விசையை இழுத்துப் பழகத் தொடங்கினார். வரவேற்பறையில் நாளுக்கு ஐம்பது தரம் கிளிக், கிளிக். "மான் தன்ரை பாட்டில செத்துப்போகும், இந்த மனுசன் நிப்பாட்டாது" என்று அம்மா குசினியிலிருந்து சொல்வார். நான் பக்கத்தில் வீட்டுப்பாடம் செய்துகொண்டு குற்றியைப் பார்த்தபடி இருப்பேன். அது ஒரு தரம்கூட விழவில்லை. மூன்றாம் நாளே அந்தக் கை உதறாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் கொப்பியில் எழுதியதை மாற்றுவதாவது, நானாவது?

ஏப்ரல் நடுவில் அவர் ஹொல்கர் மாமாவுடன் தொலைபேசியில் பேசுவது கேட்டது. தன் கை சரியில்லை, காயப்பட்ட மானை ஓடவிட இன்னொரு தரம் ஏலாது என்று, வேறு யாரையாவது கூப்பிடச் சொன்னார். வைத்துவிட்டுத் துவக்கைத் துணியால் துடைத்து, பூட்டி வைக்கப் போனார். நான் ஓடிப்போய் வழியை மறித்து, சனிக்கிழமை ஒரே ஒரு தரம் சுடுதளத்துக்குப் போவோம், மூன்றாவது அளவை ஹொல்கர் மாமா சுடட்டும் என்று நின்றேன். ஏன் என்று கேட்டார். சனிக்கிழமை சொல்கிறேன் என்றேன்.

ஹொல்கர் மாமா முப்பது வருடம் சுடுகிறவர். அப்பாவின் துவக்கை மணல்மூட்டையில் வைத்து, ஆறுதலாக ஐந்து வெடி வைத்தார். தாளை எடுத்துவர நான்தான் ஓடினேன். மூன்று ஓட்டைகள் ஒட்டிக்கொண்டிருந்தன, இரண்டு வலப்பக்கம் தள்ளிப்போயிருந்தன. நகமளவு என்பது அந்த ரவையின் குணமே அல்ல, ஒரு நாள் அதிர்ஷ்டம் மட்டுமே.

கொப்பியை விரித்து, அதில் ஒட்டியிருந்த பழைய தாளில் குறுக்குக்கோடு போட்ட இடத்தைக் காட்டினேன். ஹொல்கர் மாமா எட்டிப் பார்த்து, தமிழில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். சொன்னேன். அப்படியானால் என் கையையும் வெட்டிவிடு என்று தன் கையை மேசையில் நீட்டினார். சிரிக்கத்தான் சொன்னார், நான் சிரிக்கவில்லை.

"அப்பா, உங்கடை கை இல்லை. ரவைதான். நான் அந்த ஓட்டையைக் கணக்கில எடுக்கேல்லை."

அப்பா புதுத் தாளைப் பழையதின் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"எத்தினை ஓட்டை விட்டனீ?"

"ஒண்டு."

"ஒண்டு காணும், பிள்ளை, ஒரு மான் நொண்டுறதுக்கு."

திட்டவில்லை. தள்ளி விழுந்த மூன்று ஓட்டைகளையும் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, இரண்டாவது அளவில் இன்னும் பத்து ரவை செய்வோம், பத்தையும் எழுது என்றார். அடுத்த சனிக்கிழமை பத்தும் அதே தீப்பெட்டிக்குள் விழுந்தன. ஹொல்கர் மாமாவும் வேறு யாரையும் கூப்பிட்டிருக்கவில்லை.

மே இரண்டாம் வாரம், வெளிச்சம் குறையத் தொடங்கிய பின்னேரம் ஒன்றில், காட்டிலிருந்து அப்பா அழைத்தார். அம்மா எடுக்கமுன் நான் எடுத்தேன். மூச்சு வாங்க, "ஓடேல்லை" என்றார். மான் நின்ற இடத்திலேயே விழுந்ததாம்.

இப்போது நான் ஹனோவரில் வேலை பார்க்கிறேன். சுற்றி வீடுகள் வந்துவிட்டதால் அந்தச் சுடுதளத்தை மூடிவிட்டார்கள். மரப்பரண் ஏற முழங்கால் விடுவதில்லை என்று அப்பா துவக்கை ஹொல்கர் மாமாவின் மகளுக்குக் கொடுத்துவிட்டார், பிரஸ் இருந்த இடத்தில் அம்மாவின் பெரிய குளிர்பெட்டி நிற்கிறது. இவை போனதில் எனக்குப் பெரிய துக்கம் இல்லை. போனவர்களில் ஒருவரை மட்டும் நினைத்துக்கொள்வேன்: நான் சொன்னால் பார்க்காமலே தலையாட்டிய அப்பா. அவர், ஹொல்கர் மாமா சுட்ட அந்தச் சனிக்கிழமை, எங்களோடு வீட்டுக்குத் திரும்பவில்லை. திரும்பி வந்தவர் "எங்கை, காட்டு பாப்பம்" என்று கேட்கிறவர். போன கிழமை என் புது வாடகை ஒப்பந்தத்தின் பிரதியை வாங்கி வைத்துக்கொண்டு, தொலைபேசியில் என்னை வரிவரியாக வாசிக்கச் சொன்னார். எல்லாம் சரிதான், நான் பார்த்துவிட்டேன் என்று அவசரப்பட்டேன். இரண்டாம் பக்கத்தில் நிற்பாட்டினார். அங்கே ஒரு வரியை நான் தாண்டியிருந்தேன்.