குறுக்குப் பாதையில் போன குதிரை

பிள்ளைகளே, நீங்கள் கம்ப்யூட்டரில் விளையாடினால் வீட்டில் பெரியவர்கள் ஏசுவார்கள். நானும் ஏசியவன்தான். அப்படி ஏசியவனே ஒரு வருடம் உட்கார்ந்து விளையாடினேன். அதைத்தான் எழுதப்போகிறேன். நான் செய்த ஒரு பிழையையும் சொன்ன ஒரு பொய்யையும் சேர்த்தே எழுதுகிறேன்.

எங்கள் வீடு கண்டிக்குப் பக்கத்தில், வத்தேகமையிலிருந்து மேலே ஏறுகிற பாதையில் இருக்கிறது. மூன்று பேருக்கென்று கட்டிய வீடு. மனைவி குவைத்தில் ஒரு வீட்டில் சமையல் வேலைக்குப் போய் நான்கு வருடமாகிறது. ஒரே மகளுக்கு யாழ்ப்பாணத்தில் படிக்கக் கம்பஸ் கிடைத்தது. அவளைக் கண்டியில் பஸ் ஏற்றிவிட்டு அப்படியே வேலைக்குப் போய், பின்னேரம் வீட்டுக்கு வந்தேன். வளைவில் திரும்பும்போதே தெரிந்தது, வீட்டில் லைட் எரியவில்லை. வேலை முடிந்து வரும்போது யாரோ லைட் போட்டு வைத்திருக்கிறார்கள் என்பதை அதுவரை நான் ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

பல்லேகலையில் ஒரு ஆடைத் தொழிற்சாலையில் எனக்கு ஸ்டோர்ஸ் வேலை. லொறியில் வரும் துணி ரோல்களை இறக்கி, அடுக்கி, கேட்கும்போது எடுத்துக் கொடுப்பது. ஆறு மணிக்குள் வீடு வந்துவிடுவேன். ஆறரைக்கு மகள் போன் எடுப்பாள்.

"சாப்டீங்களாப்பா?"

"இனிதான். நீ?"

"ஓம், சாப்பிட்டன்."

போன இரண்டாம் மாதமே எங்கள் 'ஆமா' போய் அவள் வாயில் அந்த ஊர் 'ஓம்' வந்துவிட்டது. அதற்கு மேல் இரண்டு பேருக்கும் பேச ஒன்றும் இருக்காது. மழையா என்று கேட்பாள். மழை என்பேன். அங்கே வெயில் என்பாள். "சரிப்பா, வைக்கட்டா?" இரண்டு நிமிடம்கூட ஆகாது. பிள்ளைமேல் பாசம் இல்லாமல் இல்லை. பேசுவதற்கு ஒரு சாமான் வேண்டாமா? எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் அப்படி ஒரு சாமான் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் மேசையைத் துடைக்கப் போனேன். கொரோனாக் காலத்தில் வகுப்புக்காக வாங்கிய பழைய கம்ப்யூட்டர், மேலே அவளுடைய பழைய துப்பட்டா போர்த்தியிருந்தது. அவள் விளையாடுகிற விளையாட்டில் ஒரு பாட்டு வரும், வார்த்தை இல்லாத பாட்டு. சமைக்கும்போது அது அறையிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கும். அதைக் கேட்கலாம் என்றுதான் திறந்தேன்.

உங்களில் பலருக்கு அந்த மாதிரி விளையாட்டு தெரிந்திருக்கும். உள்ளே ஒரு முழு நாடே இருக்கும். பனி மலை, ஆறு, கோட்டை, கிராமம், ஓநாய், நெருப்புக் கக்கும் பறக்கிற பாம்பு. அங்கே போ, இங்கே போ என்று யாரும் கட்டாயப்படுத்தமாட்டார்கள். போகிற இடமெல்லாம் பாதைதான். என் மகள் அதில் ஒரு பெண்ணாகப் போவாள். கன்னத்தில் வெட்டுக் காயம் உள்ள, வில் வைத்திருக்கிற பெண். அவளுக்கு ஏரிக்கரையில் ஒரு வீடு. வாசலில் ஒரு செவலைக் குதிரை.

அன்று போனில், "பாப்பா, உன்னோட கேமைத் தொறந்தேன். கோவிச்சுக்காத" என்றேன்.

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு. "நீங்களா? அந்தக் கட்டை எங்க இருக்குன்னாச்சும் தெரியுமா, நடக்கிறதுக்கு?"

கீபோர்டில் எந்தக் கட்டையை அமுக்கினால் நடக்கும், எதை அமுக்கினால் குதிக்கும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். நான் சித்திரைக் கலண்டரின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன். "என்னோடதுலயே போங்க, பரவால்ல. எழும்ப முந்தி சேவ் பண்ணிருங்க, இல்லாட்டி அன்னைக்கிப் போனதெல்லாம் இல்லாமப் போயிரும்." அன்றைக்கு இருபது நிமிடம் பேசினோம்.

அதன் பிறகு அந்தப் பெண்ணை நான் நடத்திக்கொண்டு போனேன். சண்டைக்கெல்லாம் போகமாட்டேன். ஓநாய் வந்தால் ஓடிவிடுவேன். அந்நிய வீட்டுக்குள் நுழைய எனக்கு மனம் வராது, வாசலில் நிறுத்தி வைப்பேன். ஒரு ஊரில் வழிப்போக்கர் தங்கும் கடை ஒன்று இருந்தது. அதை நடத்துகிற பெண் யார் உள்ளே வந்தாலும், மழையில் நனைந்துவிட்டாயே, நெருப்புப் பக்கம் வா என்று இங்கிலீஷில் சொல்வாள். மழை இல்லாத நாளிலும் அதையேதான் சொல்வாள். மெஷின் பேச்சு என்று தெரியும். தெரிந்தும் வேலை முடிந்து வந்ததும் ஒருமுறை அந்தக் கடைக்குள் போய்விட்டுத்தான் தேத்தண்ணீர் ஊற்றுவேன்.

வழியெல்லாம் செடிகள். கிட்டப் போய் ஒரு கட்டையை அமுக்கினால் பறிக்கலாம். நான் ஹந்தானையில் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவன். என் அம்மா கொழுந்து எடுத்தவர். பறித்த கொழுந்தைக் கீழே விட்டால் கங்காணி ஏசுவது மட்டுமல்ல, எங்கள் வீட்டிலும் ஏச்சு விழும். அந்தப் பழக்கம் கையிலேயே இருக்கிறது. கண்ணில் பட்ட பூ, இலை, காளான், வேர் ஒன்றையும் விடவில்லை. இரண்டு வாரத்தில் அந்தப் பெண்ணால் ஓட முடியாமல் போய்விட்டது. கிழவிபோல அடி அடியாக வைக்கிறாள். நோய் வந்துவிட்டதோ என்று பயந்துபோய் மகளிடம் கேட்டேன்.

"பையில என்னென்ன இருக்குன்னு வாசிங்க."

வாசித்தேன். நீல மலை மலர் முந்நூற்றுச் சொச்சம் என்றதும் அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்தில் இருந்த தோழிகளும் என்ன என்று கேட்டது எனக்குக் கேட்டது.

"எங்கப்பா கேமுக்குள்ள போயி கொழுந்து எடுக்கிறாருடி! அப்பா, பாரம் கூடினா நடக்கமாட்டா. கீழ போட்டுருங்க."

"எடுத்ததை எப்பிடி பாப்பா கீழ போடுறது?"

"ஐயோ. சரி, அப்ப குதிரையில ஏறுங்க. குதிரைக்கு அந்தப் பாரம் தெரியாது. ஆனா என் செவலை பத்திரம். அது என்கூட எல்லா மலையும் ஏறினது."

பிறகு ஒவ்வொரு நாளும் ஆறரைக்கு அவள் கேட்கும் முதல் கேள்வி மாறிவிட்டது. "என் செவலை எப்பிடி?" என்பாள். எங்கே போனேன், என்ன கண்டேன் என்று சொல்வேன். அப்படியே அவளும் சொல்வாள். ஹொஸ்டலில் தண்ணீர் வராதது, ஒரு பாடத்தில் பின்னுக்கு நின்றது, பனங்கிழங்கு சாப்பிட்டது. குதிரையைப் பற்றிப் பேசப்போய்த்தான் என் மகள் எப்படி இருக்கிறாள் என்று எனக்குத் தெரியவந்தது.

பிழை நடந்தது ஒரு ஞாயிறு காலையில். பனி மலை உச்சியில் நின்றேன். கீழே ஏரிக்கரையில் அவள் வீட்டுக் கூரை தெரிந்தது. பாதை மலையைச் சுற்றிச் சுற்றி இறங்குகிறது. தோட்டத்தில் வளர்ந்த எவனும் ரோட்டால் இறங்கமாட்டான். ரோடு துரையின் வாகனத்துக்கு. நாங்கள் தேயிலைக்குள் விழுந்து குறுக்கால் இறங்கி, ரோட்டால் வருகிறவன் பாதி வரும் முன் டவுனில் நிற்போம். ஹந்தானையில் எனக்குத் தெரியாத குறுக்குப் பாதை இல்லை. அந்தத் தைரியத்தில் குதிரையை நேரே கீழே விட்டேன்.

முதலில் சறுக்கியது. பிறகு பாறை. பிறகு ஒன்றும் இல்லாத வெளி. அந்தப் பெண் கொஞ்சம் உயிரோடு எழும்பினாள். செவலை எழும்பவில்லை. பனியில் ஒரு பக்கமாகக் கிடந்தது. நான் அந்தப் பெண்ணை அதன் பக்கத்தில் நிறுத்திவிட்டு எழும்பி முற்றத்துக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தும் அப்படியேதான் கிடந்தது. என்ன செய்வதென்று தெரியாமல், மகள் சொல்லித் தந்தபடி சேவ் பண்ணிவிட்டு மூடினேன். தினமும் போல சேவ் பட்டியலில் மேலே இருந்த முதல் வரியில்தான் சேவ் பண்ணினேன். பழையது அழிந்து இது பதிந்தது. இனி எப்போது திறந்தாலும் செத்த குதிரைதான் என்பது மூடிய பிறகுதான் மண்டைக்குள் ஏறியது.

ஆறரைக்கு போன் வந்தது.

"என் செவலை எப்பிடி?"

"நல்லா இருக்கு, பாப்பா."

இதுதான் நான் சொன்ன பொய். சொன்னால் அழுவாள் என்று நினைத்தேன் என்றால் அது பாதி உண்மை. அந்தக் குதிரை இல்லாவிட்டால் நாளையிலிருந்து என்ன பேசுவது என்று பயந்தேன். அது மிச்சப் பாதி. மறுநாளும் நல்லா இருக்கு என்றேன். ஏரிக்கரையில் புல் மேய்கிறது என்றேன். பொய்யைப் பிடித்துக்கொண்டு நின்றால் அதற்குத் தீனியும் போட வேண்டியிருக்கிறது. வீட்டுக்குள்ளே ஒரு பாரம் வந்து உட்கார்ந்துகொண்டது. மூன்று வாரத்தில் லீவுக்கு வரப்போகிறாள், வந்தால் திறந்து பார்ப்பாள்.

ஸ்டோர்ஸில் என்னோடு ஒரு முஸ்லிம் அண்ணன் வேலை செய்கிறார், நானா என்றுதான் கூப்பிடுவேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். தேத்தண்ணீர் நேரத்தில் என் முகத்தைப் பார்த்து, "என்னா தம்பி, யாரும் மவுத்தா?" என்று செத்த வீட்டில் கேட்பதுபோலக் கேட்டார். சொல்லிவிட்டேன்.

"குதிரையா? கம்ப்யூட்டர்லயா?" வாயில் இருந்த தேத்தண்ணீர் புரையேறிவிட்டது. "அப்ப லீவு எடுக்கலியா நீங்க? செத்த வீட்டு லீவு மூணு நாள் இருக்கே."

"சிரிக்காதீங்க நானா."

"சிரிக்காம? சரி சரி." கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து மெதுவாகச் சொன்னார். "புள்ளைக்கிட்ட சொல்லிருங்க தம்பி. குதிரை செத்தது ஒரு நாளுக் கதை. நீங்க தினம் தினம் அதைச் சாகடிக்கிறீங்க."

ஆனாலும் நான் சொல்லவில்லை.

மகள் வந்தாள். அன்று வேலை முடிந்து வளைவில் திரும்பும்போது லைட் எரிந்தது. மெலிந்திருந்தாள். சாம்பார் வைத்து, கருவாடு பொரித்து, இரண்டு பேரும் சாப்பிட்டோம். ஒரு நாள் போனது, இரண்டு நாள் போனது, அவள் கம்ப்யூட்டர் பக்கமே போகவில்லை. போனில்தான் இருந்தாள், தோழிகளோடு. நான் பயந்துகொண்டிருந்த நேரம் வரவே இல்லை. வராமல் இருந்ததும் எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. மூன்றாம் நாள் காலையில் நானே சொன்னேன்.

"பாப்பா, உன் செவலை செத்துருச்சு. குறுக்கால எறக்கிட்டேன்."

போனிலிருந்து தலையைத் தூக்கினாள். "எப்ப?"

"ஒரு மாசமாச்சு."

"ஒரு மாசமா? அப்ப புல் மேயுதுன்னு சொன்னீங்க? முந்தாநாத்து பஸ்ஸுல வரக்குள்ளகூட கேட்டனே?"

 கையில் இருந்த போனைக் கவிழ்த்து வைத்தாள். கோபம் குதிரைக்காக அல்ல, பொய்க்காக என்று அவள் முகத்திலேயே தெரிந்தது. பிறகு எழும்பிப் போய் துப்பட்டாவை விலக்கி, கம்ப்யூட்டரைப் போட்டாள். நான் தினமும் அமுக்குகிற அந்த முதல் வரிக்குக் கீழே மௌஸ் சக்கரத்தை விரலால் உருட்டினாள். அதன் கீழே வரி வரியாக வந்துகொண்டே இருந்தது. எல்லாம் அவள் முன்பு சேவ் பண்ணியவை. அப்படிக் கீழே போகலாம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

"இதுல எல்லாத்துலயும் செவலை இருக்கு அப்பா. என்கிட்டயும் அது நாலஞ்சு தரம் செத்துருக்கு. நான் பழைய எடத்துக்குப் போயிருவேன்."

"அப்ப நீ ஏன் பத்திரம் பத்திரம்னு சொன்ன?"

"அதுவா?" ஸ்க்ரீனைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "சும்மாதான். அப்பிடிக் கேட்டாத்தானே நீங்க பேசுறீங்க."



அவள் கம்பஸுக்குப் போன அன்று காலையில் சேவ் பண்ணிய ஒன்றைத் திறந்தாள். ஏரிக்கரை, வீடு, வாசலில் செவலை. ஏறிச் சும்மா ஒரு சுற்றுப் போனாள். நான் பின்னால் கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பத்து நிமிடம் இருக்கும். அவள் போன் அடித்தது. "இந்தா வாறன்" என்று எழும்பி முற்றத்துக்குப் போனவள் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தாள். செவலை தண்ணீர் ஓரத்தில் நின்று வாலை ஆட்டிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவளைத் திரும்பவும் பஸ் ஏற்றிவிட்டேன். வீட்டுக்கு வந்து, முதலில் லைட்டைப் போட்டேன். கம்ப்யூட்டரைத் திறந்து அந்த வரிகளைப் பார்த்தேன். கீழே அவளுடையது, செவலை உள்ளது. மேலே என்னுடையது, செத்துப்போனது. அவளுடையதை அமுக்கினால் செவலை கிடைக்கும். ஆனால் நான் போன பாதை, பறித்த பூ, அவளோடு பேசிய அந்த ஒரு வருடத்து நடை எதுவும் அதில் இருக்காது. அது அவள் வீட்டில் இருந்த காலம். அதை அப்படியே விட்டேன். என்னுடையதைத் திறந்தேன்.

ஆறரைக்கு போன் வந்தது. பஸ் அனுராதபுரம் தாண்டிவிட்டதாம்.

"என்னப்பா, ஏறினீங்களா செவலையில?"

"இல்ல பாப்பா. நடந்துதான் போறேன்."

"ஏன்? அதான் காட்டித் தந்தேனே."

"அது உன்னோட இருக்கட்டும். எனக்கு நடக்க நடக்கத்தான் உன்கிட்ட சொல்றதுக்கு ஏதாச்சும் கெடைக்குது."

பஸ்ஸின் இரைச்சலுக்கு மேலே அவள் குரல் கேட்டது.

"அப்பா."

"சொல்லு."

"நீங்க சாப்டீங்களா?"

"இல்ல" என்றேன். "இன்னும் உலை வைக்கல. சமைக்கவே மனசு வரல, பாப்பா."

ஒரு வருடத்தில் அந்தக் கேள்விக்கு நான் 'இனிதான்' என்று தட்டிக்கழிக்காமல் உண்மையான பதில் சொன்னது அன்றைக்குத்தான். "அப்ப போனை வைக்காதீங்க, லைன்லயே இருங்க. போய் அரிசியைக் கழுவுங்க" என்றாள். போனை ஜன்னல் கட்டையில் சாய்த்து வைத்துவிட்டு அரிசி கழுவினேன். உள் அறையில் அந்தப் பெண் முந்நூறு பூவோடு பாதையில் நின்றுகொண்டிருந்தாள்.