நவம்பரைச் சொல்லிக் கொடுத்தவன்

என் தங்கை கொலோமாவின் கணவன் பெர்னதிக்கு அலுப்பு முகத்திலேயே ஊறிப்போனது. கல்யாணப் படத்தில்கூட இப்போதுதான் வேலை முடித்து வந்தவன் மாதிரி நிற்கிறான். உண்மையில் வேலை முடித்துத்தான் வந்தான். அன்று காலைவரை ஓட்டலில் முட்டை பொரித்துக்கொண்டிருந்தான். ஸ்பெயினைச் சேர்ந்த எங்கள் மயோர்காத் தீவில் கல்யாணம் செய்துகொள்ளவும் ஓட்டல் மனசு வைக்க வேண்டும்.

அவனுடைய இப்போதைய வேலை ஒரு கேள்விக்குப் பதில் சொல்வது. அல்கூதியா கடற்கரையில் சைக்கிள்காரர்களுக்கென்றே ஒரு ஓட்டல் இருக்கிறது. அதன் வரவேற்பறை மூலையில் காற்றடிக்கும் பம்பும் சாலை வரைபடங்களும் வைத்த மேசைதான் அவன் இடம். ஜெர்மன்காரர், இங்கிலாந்துக்காரர், டென்மார்க்காரர், யாராக இருந்தாலும் ஊருக்குக் கிளம்பும்போது அவனிடம் வந்து நின்று அதையே கேட்பார்கள். அடுத்த தடவை எந்த மாதம் வந்தால் நல்லது?

ஆள் பார்த்துச் சொல்வான். வெயிலுக்கு ஏங்கிப் போனவர்களுக்கு ஏப்ரல். பாதாம் பூவைப் படம் எடுக்க ஆசைப்படுகிறவர்களுக்குப் பிப்ரவரி, கூடவே கையுறை. மனைவி கடலில் குளிக்க வேண்டும், தான் மலை ஏற வேண்டும் என்பவர்களுக்குச் செப்டம்பர் கடைசி. ஆகஸ்ட் என்று யாராவது வாயைத் திறந்தால், "உயில் எழுதிட்டு வாங்க சார்" என்பான். நவம்பரை மட்டும் யாருக்கும் சொன்னதில்லை. நவம்பர் அவனுக்கும் கொலோமாவுக்கும் வேண்டும்.

எங்கள் ஊர் வேலைகள் ஓட்டல் மூடினால் தூங்கும், திறந்தால் விழிக்கும். பருவம் தொடங்கும்போது கூப்பிடுவார்கள்; கூப்பிட்டால் போக வேண்டும், போகாவிட்டால் வேலை போய்விடும். பெர்னதியின் சைக்கிள் ஓட்டலுக்குப் பிப்ரவரி முதல் மே வரை ஒரு பருவம், செப்டம்பர் அக்டோபர் இன்னொன்று. கொலோமா வேலை பார்த்தது கடலில் குளிக்க வருகிறவர்களின் ஓட்டல். மே முதல் அக்டோபர் வரை அங்கே அறைகளைச் சுத்தம் செய்து படுக்கை விரிப்பாள். அவன் சும்மா இருக்கும் கோடையில் அவள் சாப்பாட்டு மேசையிலேயே தூங்கி விழுவாள். அவள் சும்மா இருக்கும் வசந்தத்தில் அவன் விடியுமுன் கிளம்பிப் போயிருப்பான். டிசம்பர் பிறந்தால் அவன் அப்பாவின் ஆலிவ் மரங்களும் பன்றிகளும் ஆளை இழுத்துக்கொள்ளும். மிச்சம் நவம்பர்தான்.

அந்த மாதம் இருவரும் சைக்கிளில் போவார்கள். கேட்டால் சிரிப்பீர்கள். வருஷம் பூராவும் சைக்கிளைப் பார்த்தே நொந்துபோனவன், லீவு கிடைத்ததும் அதே சைக்கிளில் ஏறுகிறான். ஆனால் இது இரும்புச் சைக்கிள், முன்னால் கூடை வைத்தது. குன்றுக்குக் குன்று இருக்கும் மாதா கோயில்களில் யாத்ரீகர்களுக்கு மலிவாக அறை கொடுப்பார்கள். ஒரு கோயிலில் படுத்து, மறுநாள் அடுத்த கோயிலுக்குப் போவார்கள். வழியில் பைன் மரத்தடியில் மழைக்கு முளைத்த சிவப்புக் காளானைப் பறித்துக் கூடையில் போட்டுக்கொள்வார்கள். முன்கூட்டியே இடம் சொல்லி வைத்ததே இல்லை. நவம்பரில் அந்தக் குன்றுகளின்மேல் காற்றைத் தவிர யார் இருக்கிறார்கள்?

ஒரு தடவைதான் பெர்னதி வாய் தவறினான். அது நடந்து இரண்டு வருஷம் இருக்கும். ஊர்ஸ் என்று ஒரு சுவிஸ்காரர், பழைய வாடிக்கை, நல்ல மனிதர். சாயங்காலம் பில் கட்டிவிட்டு மேசைக்கு வந்தார். இவன் காலையிலிருந்து நின்று நின்று கால் வீங்கிப்போயிருந்தான்.

"எல்லார்கிட்டயும் சொல்றத என்கிட்ட சொல்லாதீங்க பெர்னதி. நீங்களும் உங்க மனைவியும் எப்போ போவீங்க?"

இத்தனை வருஷத்தில் அவனைப் பற்றி அவனிடம் கேட்ட முதல் விருந்தாளி அவர். இவன் உருகிவிட்டான். "நவம்பர் சார். முதல் மழை பேஞ்சு தூசி அடங்கியிருக்கும். ரோட்டுல ஒரு ஈ காக்கா இருக்காது. சான் மார்த்தி திருநாள் சமயத்துல பத்து நாள் ஒரு சின்னக் கோடை வரும், பாத்துக்குங்க. வெயில் சுடாது, தடவிக் குடுக்கும்." எந்தக் கோயிலில் எந்த ஜன்னலில் கடல் தெரியும் என்பதுவரை சொல்லிவிட்டான்.

ஊர்ஸ் ஊருக்குப் போய் அதை இணையத்தில் எழுதினார். அங்கே பிறந்து வளர்ந்த ஒருவர் சொன்ன ரகசியம் என்று எழுதினார். நவம்பரைக் கேட்டு ஓட்டலுக்குக் கடிதம் வர ஆரம்பித்தது.

பெர்னதி பதறிப்போய் நவம்பரைத் திட்டித் தீர்த்தான். மழை என்றான், சேறு என்றான், எல்லாக் கடையும் பூட்டியிருக்கும், நாய்க்குக்கூட சளி பிடிக்கும் என்றான். ஒன்றும் எடுபடவில்லை. மூலை மேசைக்காரர் நவம்பரைப் பற்றிக் கேட்டால் முகத்தைச் சுளிப்பார், அதிலிருந்தே அது எவ்வளவு நல்ல மாதம் என்று தெரிந்துகொள்ளலாம் என்று எவனோ எழுதிவிட்டான். அதன்பிறகு அவன் சுளிப்பைப் பார்ப்பதற்கென்றே வந்து கேட்டார்கள்.

இந்த வருஷம் மேனேஜர் பிரான்சினா ஓட்டலை நவம்பரிலும் திறந்துவைத்தாள். கோயில் கோயிலாகத் தங்கும் சைக்கிள் பயணம் என்று ஒரு திட்டமும் போட்டாள். வழியைப் பார்த்தால் அப்படியே பெர்னதியும் கொலோமாவும் போகும் வழி. விருந்தாளிகளின் பெட்டிகளையும் பஞ்சரான சைக்கிள்களையும் சுமக்கும் வேனுக்கு நான் டிரைவர். எனக்கும் நவம்பர் போயிற்று. எனக்கென்ன, நான் ஒண்டிக்கட்டை.

கொலோமாவுக்கு அப்படி இல்லை. படுக்கை விரித்து விரித்து அவள் வலது முழங்கால் தேய்ந்துபோயிருந்தது. செப்டம்பரிலேயே வேலையிலிருந்து நின்றுவிட்டாள். குளிர்காலத்தில் அறுவை சிகிச்சை, அதற்குப் பிறகு சைக்கிளை மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். போவதென்றால் இந்த நவம்பர்தான்.

பெர்னதி மேனேஜரிடம் ஒரே ஒரு வாரம் லீவு கேட்டான். நான் வேன் சாவியை வாங்க அங்கேதான் நின்றிருந்தேன்.

"நவம்பரே உன்னாலதான் வந்துச்சு பெர்னதி" என்றாள் பிரான்சினா. குரலில் கோபம் இல்லை, அவளும் தூங்கி நாளாகியிருக்கும். "எல்லாரும் உன்னைத்தான் கேக்குறாங்க. கூப்பிட்டும் நீ வரலேன்னா, பிப்ரவரியில உன் பேரைக் கூப்பிடுவேன்னு என்னால சொல்ல முடியாது."

வெளியே வந்ததும் நான் அவனைப் பிடித்துக்கொண்டேன். "ஏன் மாப்ளே, ஒரு சுவிஸ்காரன் ரெண்டு வார்த்தை அன்பா கேட்டா, பொண்டாட்டியோட மாசத்தைத் தூக்கிக் குடுத்துருவியா?"

"விடு மச்சான். வீட்டுல கொலோவே இதைப் பத்திப் பேசறதில்ல, நீயும் சும்மா இரு" என்றான்.

சின்னக் கோடை வந்தது. அவன் சொன்ன மாதிரியே தடவிக் கொடுத்தது. விருந்தாளிகளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மூன்றாம் நாள் ஃபெலானிச் ஊருக்கு மேலே இருக்கும் சான் சல்வதோர் குன்றுக் கோயிலுக்கு அவர்கள் ஏறினார்கள். நான் பெட்டிகளோடு பின்னால் ஊர்ந்துகொண்டிருந்தேன். பாதி வழியில், ஒரு வளைவில், ஒரு பெண் இரும்புச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நொண்டி நொண்டிப் போவது தெரிந்தது. கடந்துபோன விருந்தாளிகள் "சபாஷ்! சபாஷ்!" என்று கை தட்டினார்கள்.

என் தங்கை.

வேனை நிறுத்தி இறங்கினேன். "கொலோ! ஃபெலானிச்சுல சித்தி வீட்டுக்குப் போறேன்னுதானே சொன்ன?"

"சித்தி வீட்டுக்குப் போயிட்டுத்தான் வர்றேன்." மூச்சு வாங்கியது. "மனாகோர் ஊர் வரைக்கும் சைக்கிளை ரயில்ல ஏத்திட்டு வந்தேன் அண்ணே. அவன்கிட்ட சொல்லாத. சொன்னா மேசையைப் போட்டுட்டு ஓடியாந்துருவான்."

"ஏறு வேன்ல."

"மாட்டேன்."

"முழங்காலு?"

"அது இன்னும் என்கூடதான் இருக்கு. நீ போ, பின்னாடி ஆரன் அடிக்கிறாங்க."

மேலே போய்ப் பெட்டிகளை இறக்கிவைத்துவிட்டுக் காத்திருந்தேன். அவள் வந்து சேரும்போது முகம் வெளிறியிருந்தது. ஆனால் சிரித்தாள். நேராகச் சாவி கொடுக்கும் இடத்துக்குப் போனாள். அங்கே இருந்த காவலாளி அர்னாவ் அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டான்.

"கொலோமா, நீ வருவேன்னு எனக்கு எப்படித் தெரியும்? ஒரு அறைகூட இல்லம்மா. எல்லாம் ஓட்டல்காரங்க எடுத்துட்டாங்க. மடிச்சு வைக்கிற கட்டில்கூட குடுத்துட்டேன்."

"கடல் பக்கத்து அறை?"

"அதுவுந்தான்."

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு முற்றத்து பெஞ்சில் உட்கார்ந்தாள். எனக்கோ எந்தக் கதவை உதைப்பது என்று தெரியாத கோபம்.

அப்போது வெள்ளை முடிக்காரர் ஒருவர் தண்ணீர் பாட்டிலோடு அவளிடம் வந்தார். கூடவே ஒரு அம்மாள். ஊர்ஸ்தான். மூன்று நாளாக அவர்கள் பெட்டியையும் நான்தான் சுமந்துகொண்டிருந்தேன். கொலோமா அவரைப் பார்த்ததே இல்லை.

"குடிங்க. நீங்க பெரிய வீராங்கனை" என்றார், திக்கித் திக்கி, எங்களுக்குப் புரியும் பாஷையில். "நீங்களும் நவம்பர் தெரிஞ்சுதான் வந்தீங்களா? எனக்கு இங்க ஒரு நண்பர் சொல்லிக் கொடுத்தார். அவரும் அவர் மனைவியும் வருஷா வருஷம் வருவாங்களாம். கடல் தெரியிற ஜன்னல் அறைதான் எங்களுக்கு, அதுகூட அவர் சொன்னதுதான். நாப்பது வருஷத்துல என் மனைவியை நான் எங்கேயும் கூட்டிட்டுப் போனதில்லை. அவர் பேசினதைக் கேட்டப்புறம்தான், நாமளும் போகணும்னு தோணுச்சு."

அந்த அம்மாளுக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. கணவர் கையைப் பிடித்துக்கொண்டு கொலோமாவைப் பார்த்துச் சிரித்தாள். கொலோமாவும் சிரித்தாள். "நல்ல அறை. காலையில ஜன்னலைத் திறந்து வையுங்க" என்றாள். தான் யார் என்று அவள் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அவளாகவே வேனில் ஏறினாள். பஞ்சரான சக்கரங்களுக்கு நடுவே அவள் சைக்கிளைக் கிடத்தினேன். அல்கூதியாவுக்குக் கிளம்பினோம்.

ஓட்டல் வாசலில் வேனைப் பார்த்ததும் பெர்னதி ஓடிவந்தான். அவள் நொண்டி இறங்கியதையும் உள்ளே கிடந்த சைக்கிளையும் பார்த்தே எங்கே போயிருந்தாள் என்று புரிந்துகொண்டான். என்ன நடந்தது என்று அவள்தான் சொன்னாள், கூட்டாமல் குறைக்காமல்.

"அந்த ஆள் கெட்டவனா இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்யா" என்றாள். "ரெண்டு பேரும் அவ்வளவு சந்தோஷமா இருந்தாங்க. அதான் எனக்குத் தாங்கல."

பெர்னதி அழுதான். வாசலில், சீருடையோடு. "நான் வேலையை விட்டுடறேன் கொலோ. இப்பவே உள்ள போய்ச் சொல்லிட்டு வர்றேன். நாளைக்குக் காலையில கிளம்புவோம், தள்ளிக்கிட்டாவது போவோம்."

அவள் அவன் சட்டைக் காலரைச் சரி செய்தாள். "விட்டுட்டு? எனக்கு இனிமே குனிஞ்சு படுக்கை விரிக்க முடியாது. சம்பளம் வாங்குறது இனி நீ மட்டும்தான். மூஞ்சியைத் தொடைச்சிக்க. உள்ள யாரோ உன் மேசைகிட்ட நிக்கிறாங்க பாரு."

கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். குடும்பமாக நாலு பேர், கையில் வரைபடத்தோடு நின்றிருந்தார்கள். பெர்னதி முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனான். நான் கொலோமாவை வீட்டில் கொண்டுபோய் விட்டேன்.