சாட்சியை முதலில் பார்க்கிறவர்

டிபன் டப்பாவுக்குள் ஈரக் காகிதம் விரித்து, அதன்மேல் கண்ணாடி ஸ்லைடுகளை அடுக்கிக்கொண்டிருக்கிறார் அக்கா. ஸ்லைடு காய்ந்தால் காரியம் கெட்டதாம். அதற்கென்றே வாங்கிய விலையுயர்ந்த பெட்டி ஆய்வகத்து அலமாரியில் தூங்குகிறது. அதை ஏறிட்டும் பார்ப்பதில்லை. "அதுல மூடி சரியா உக்காராது. இது உக்காரும் பாரு" என்று டப்பாவைத் தட்டிக் காட்டுவார். திசுக்களுக்குச் சாயம் ஏற்றுவது வேலை என்பதால் ஆஸ்பத்திரி முழுக்கச் சாயக்கார அக்கா என்றே பெயர். டாக்டர்களும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

ஒவ்வொரு ஸ்லைடிலும் நோயாளியின் இரைப்பையிலிருந்து கிள்ளியெடுத்த சதையின் மெல்லிய சீவல். அதன்மேல் ஆன்டிபாடி ஒரு சொட்டு. அக்காவுக்கு அது மோப்ப நாய். புற்றுநோய்ச் செல்லையோ, அந்த வழிக்குத் திரும்பத் தொடங்கிய செல்லையோ தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய இடம் பழுப்பாகும், மற்றதெல்லாம் நீலம். ஓரத்தில் இன்னொரு சீவலும் இருக்கும், புற்று என்று ஏற்கெனவே தெரிந்தது. அதுதான் சாட்சி. சாட்சி பழுப்பாகாவிட்டால் அந்த ஸ்லைடையே நம்ப மாட்டார். "நாய் குரைக்கலன்னா திருடன் வரலன்னு அர்த்தமா? நாயை அவுத்து விடாமலே இருந்திருக்கலாம்ல?" வீட்டிலும் இதே பேச்சுதான்.

அதனால் சாட்சியைப் பார்த்த பிறகே நோயாளியைப் பார்ப்பார். போன வாரம் அது தவறியது. வந்திருந்தது சொந்தத் தம்பியின் துணுக்கு. வெறும் புண்தானா, புற்றுக்கு முந்தைய மாற்றமா என்று டாக்டருக்கே சந்தேகம். கூட வேலை செய்கிற பெண், தானே செய்துவிடுவதாகச் சொல்லிப் பார்த்தாள். மனுஷி காதில் போட்டுக்கொள்ளவில்லை. இதில் வேறு யார் கையும் படக் கூடாது என்றுவிட்டார்.

லென்ஸில் கண்ணை வைத்ததும் தம்பியைத்தான் தேடினார். முழுக்க நீலம். போன உயிர் திரும்பி வந்தது. டாக்டர் பார்க்கும்வரை வாயைத் திறக்கக் கூடாது என்று ஊருக்கெல்லாம் சட்டம் பேசுகிறவர், நின்ற இடத்திலேயே போனை எடுத்தார்.

"ஒண்ணுமில்லடா. நிம்மதியா சாப்பிடு."

தம்பி அழுதுவிட்டான். பாவம், பயாப்ஸி எடுத்ததிலிருந்து அவனுக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

போனை வைத்த பிறகு, பழகிய கை ஸ்லைடை ஓரத்துக்கு நகர்த்தியது. சாட்சியும் நீலம். அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பதற்றத்தில் அந்த ஒரு ஸ்லைடுக்கு மட்டும் ஆன்டிபாடியே விடவில்லை.

மறுபடி செய்தாலும் நல்லதாகவே வரலாம், அதற்குள் எதற்குத் தம்பியைக் கலங்கடிக்க வேண்டும் என்றாள் அந்தப் பெண். நியாயம்தான், யாருக்கும் தெரியவும் போவதில்லை. அக்கா மீதமிருந்த சீவலை எடுத்து எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கினார். ஆன்டிபாடியைச் சாட்சிக்கு முதலில் விட்டார், பிறகு தம்பிக்கு. டப்பாவை மூடிவிட்டுப் போனை எடுத்தார்.

"தம்பி, நான் சொன்னது செல்லாதுடா. நாயை இப்பதான் அவுத்து விட்டிருக்கேன்."

அவன் வாய் திறக்கும்வரை அக்கா இன்னொரு கையை டப்பா மூடியிலிருந்து எடுக்கவில்லை.